நாலு வாய்ப் பூதமும் பாதிச் சுவடியும்

யாரய்யா நீ? நிரலை வரிவரியாகப் படித்து ஓட்டும் எங்கள் இன்டர்பிரட்டரில், மாட்யூல் என்கிற நிரல் துண்டை ஏற்றும் இடத்தில் பூட்டாக ஒரு லாக்கூடப் போடாமல் கையைத் தட்டிவிட்டுப் போனவன்? ஒரு த்ரெட், அதாவது பக்கத்தில் பக்கமாய் ஓடும் வேலைச்சரடு, மாட்யூலைப் பாதிதான் ஏற்றியிருக்கும், அதற்குள் இன்னொரு த்ரெட் அதை எடுத்து ஓட்டுகிறது. புரோகிராம் குப்புற விழுகிறது. திட்டு எங்கள் தலையில் விழுகிறது. உன் பேரைச் சொல்லி மானத்தை வாங்கமாட்டேன். கதை சொல்கிறேன், காதில் போட்டுக்கொள்.

வெகுகாலத்துக்கு முன்னால் வெண்ணாவல் நாட்டை இடிமுழக்கவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். பசித்தால் கோபம் வரும்; கோபம் வந்தால் இன்னும் பசிக்கும். அவன் அரண்மனையில் ஒரு பூதம். நாலு வாய், ஒரே வயிறு. ஓலையில் எழுதிக் கொடுத்ததை வரிவரியாகப் படித்துச் செய்து முடிக்கும். தெரியாத வித்தை என்றால் அந்தச் சுவடியை விழுங்கும். ஒரு வாய் விழுங்கினால் போதும், நாலு வாயும் பேசும். பூதத்தை மேய்த்தவர் மந்திரி நம்பிக்கூத்தர். அந்தப் பதவிமேல் கண் வைத்திருந்தவர் தளவாய் பேரானந்தர்.

ஒருநாள் லாயக்காரன் குதிரைக்கு மருந்து கேட்க, முதல் வாய் வைத்தியச் சுவடியை விழுங்கத் தொடங்கியது. அதில் முன்பாதி குதிரைக்கு, பின்பாதி மனிதருக்கு. பூதத்துக்கோ ஒரு கெட்ட பழக்கம்: முதல் ஏடு உள்ளே போனதுமே 'வைத்தியம் தயார்' என்று கழுத்தில் பலகை மாட்டிக்கொள்ளும். அந்நேரம் பார்த்து ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது வாயிடம் வந்தான். வாய் பலகையைப் பார்த்தது. வயிற்றில் இருந்ததைச் சொன்னது.

"ஒரு மரக்கால் கொள்ளு. நாலு காலுக்கும் புது லாடம்."

சபை சிரிப்பை அடக்க முடியாமல் இருமியது.

"சதி, மகாராஜா!" என்று குதித்தார் தளவாய். "மந்திரி தங்களை லாயத்தில் கட்டப் பார்க்கிறார்!"

"நம்பிக்கூத்தரே! பொழுது சாய்வதற்குள் இதைச் சரிசெய்யும். இல்லையேல் உம் முத்திரை மோதிரம் தளவாய்க்கு. நீர் நாட்டைவிட்டு நடையைக் கட்டும்," என்றான் ராஜா.

"இதற்கு மந்திரி வேறு வேண்டுமா?" என்றார் தளவாய். "ஒரு வாய் விழுங்கும்போது மற்ற மூன்றையும் பூட்டினால் தீர்ந்தது!"

பூட்டினார்கள். முதல் வாய் சோதிடச் சுவடியை விழுங்க ஆரம்பித்தது. அது மலைப்பாம்பு நீளம். கோட்டைக் கதவு திறக்கச் சொல்ல வாயில்லை. அடுப்பு மூட்டச் சொல்ல வாயில்லை. ராஜாவின் வயிறு மட்டும் பேசியது.

"கழற்றுங்கள் பூட்டை!" என்று அலறினான் அவன்.

மந்திரி முன்னால் வந்தார். "வாய்க்கு வேண்டாம், ஒவ்வொரு சுவடிக்கும் ஒரு பூட்டு வைப்போம், மகாராஜா. வைத்தியம் கேட்கிற வாய் மட்டும் வைத்தியம் இறங்கும்வரை நிற்கட்டும். மற்றவை தம் வேலையைப் பார்க்கட்டும். பலகை, கடைசி ஏட்டுக்குப் பிறகுதான்."

"ஓகோ! வைத்தியச் சுவடி நடுவில் 'சமையல் சுவடியைப் பார்' என்கிறது. சமையலோ 'வைத்தியத்தைப் பார்' என்கிறது. இப்போது என்ன செய்வீர்?" என்ற தளவாய், வாய்க்கு ஒன்றாக இரண்டையும் முதல் ஏட்டிலிருந்து மறுபடி ஊட்டினார்.

"நீ முடி." "நீ முதலில் முடி." இரண்டு வாயும் திறந்தபடி நின்றன. தளவாய் தன் மோதிர விரலைத் தடவிக்கொண்டார்.

"முதலில் சாப்பிடலாமே," என்றார் மந்திரி. இலை விழுந்தது. ராஜாவின் காதில், "இன்று தளவாய் உண்டபிறகே தாங்கள் உண்பது நல்லது," என்றார். தளவாயின் காதில், "ராஜா உம்மைச் சோதிக்கிறார். அவருக்கு முன்னால் கை வைத்தீரோ, மோதிரம் போச்சு," என்றார்.

சோறு ஆறியது. நெய் உறைந்தது.

"ஏனய்யா உண்ணவில்லை?" என்று வெடித்தான் ராஜா.

"தாங்கள் உண்ணட்டும் என்று..."

"நான் உமக்காக அல்லவா காத்திருக்கிறேன், மடையரே!"

"அந்தக் கேள்விதான், மகாராஜா!" என்றார் நம்பிக்கூத்தர். "நிற்பதற்கு முன் ஒவ்வொரு வாயும், 'நான் யாருக்காக நிற்கிறேன், அவன் யாருக்காக நிற்கிறான்' என்று கேட்கட்டும். சுற்றித் தன்னிடமே வந்தால் நிற்கவேண்டாம். மற்ற வாய் அதுவரை படித்த ஏடுகளை மட்டும் வாங்கிக்கொண்டு தன் சுவடியை முடிக்கட்டும். இரண்டும் முடியும்வரை வெளியாரிடம் மட்டும் மூச்சு விடக்கூடாது."

பூதம் கேட்டது. முடிச்சு அவிழ்ந்தது. இரண்டு சுவடியும் முழுசாக இறங்க, பலகை ஏறியது. ராஜா தயங்கித் தயங்கி வயிற்றுவலியைச் சொன்னான்.

"சுக்குக் கஷாயம். இன்றைக்கு அரை வயிறு."

"மனிதனாகிவிட்டேன்!" என்று ராஜா கத்தினான். "மந்திரியாரே, மோதிரம் உம் விரலிலேயே இருக்கட்டும். தளவாயே, இனி நீர் என் பந்தியில் வேண்டாம். பூதத்தின் நாலு வாய்க்கும் ஊட்டிவிட்டு, மிச்சம் இருந்தால் சாப்பிடும்."

கேட்டாயா? பசித்த ராஜாவுக்கே ஒரே பகலில் புரிந்தது. 'எப்போதாவதுதானே விழுகிறது' என்று என்னிடம் பேரம் பேசாதே. அந்தப் பேச்சே கிடையாது. உட்கார். மாட்யூலுக்கு ஒரு லாக் போடு. ஏறி முடியாததைத் தயார் என்று சொல்லாதே. காத்திருக்கப் போகிற த்ரெட்டை, யாருக்காக என்று முதலில் கேட்க வை. இன்றைக்கே செய்தாக வேண்டும், ஐயா. நீ போட்ட ஓட்டையை நீயே அடை!