இரண்டு சொம்புத் தண்ணீர்

"இந்த நாய் இந்த ஜென்மத்துல திருந்தாதும்மா."

பிரமநாயகம் ஈரப் பாயைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய தியானப் பாய். இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை.

உலகம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

மலையடிவாரத்தில் நாலு அறையும் ஒரு கூடமுமாக இருந்த அந்த மடத்துக்கு அவர்தான் குரு. வயது நாற்பத்தொன்று. சீடர் பிரமநாயகத்துக்கோ அறுபத்துமூன்று, ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குருவை அம்மா என்பார், குரு அவரை அண்ணாச்சி என்பார். அதில் இருவருக்கும் ஒரு கஷ்டமும் இல்லை.

கஷ்டமெல்லாம் தீட்சையில்தான். மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

போன மாதம், பஸ் ஸ்டாண்டில் போண்டாத் துண்டுக்காகக் காலைச் சுற்றிய ஒரு குட்டியை இரக்கப்பட்டு மடத்துக்குத் தூக்கிவந்தார். போண்டா என்றே பெயரும் நிலைத்துவிட்டது. அம்மா குட்டியைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

"இது வீட்டுக்குள்ள ஒண்ணுக்குப் போகாம இருக்கப் பழகட்டும். அன்னிக்கே உங்களுக்குத் தீட்சை."

இவ்வளவுதானா என்று பிரமநாயகம் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். ரயிலையே நேரத்துக்கு அனுப்பிவைத்த மனுஷர் அல்லவா?

மறுநாளே சுவரில் கால அட்டவணை ஏறியது. காலை 5.10 புறப்பாடு. 5.12 கொய்யா மரம். 5.20 திரும்புதல்.

போண்டா 5.12-க்குச் சரியாகக் கொய்யா மரத்தடியில் இருந்தது. எறும்பைப் பார்த்தது, தன் வாலையே துரத்தியது, 5.20-க்கு உள்ளே வந்தது. போன காரியத்தை மட்டும் செய்யவில்லை.

ஒருநாள் அவருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. குட்டியின் பிடரியைப் பிடித்து மூக்கை ஈரத்தில் அழுத்தினார்.

"அதுகிட்ட என்ன சொன்னீய அண்ணாச்சி?" என்று கேட்டார் அம்மா.

"தப்புன்னு சொன்னேன்."

"அது காதுல என்ன விழுந்துதாம்?"

சாயங்காலம் பால் கிண்ணத்தோடு கூப்பிட்டபோது போண்டா அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. பிரமநாயகத்துக்கு அன்று ஒரு வாய் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு அவர் குட்டிமேல் கை வைக்கவே இல்லை. நாலைந்து நாளில் அது பழையபடி மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. தினமும் காலைத் தியானம் முடிந்து கண் திறந்தால் மட்டும் எங்காவது ஈரம் இருந்தது.

இதோ, இன்றைக்கும்.

அம்மா கீரைத்தண்டை ஒடித்தார். "தியானத்தப்போ அது என்ன பண்ணுதுன்னு பாத்தீயளா?"

"நான் எப்படிம்மா பாப்பேன்?" பிரமநாயகத்தின் முகம் மலர்ந்தது. "ஆறு மணிக்குக் கண்ணை மூடினா ஏழு வரைக்கும் இடி விழுந்தாலும் எனக்குக் கேக்காது."

அது மடத்தின் விதி. ஆறு மணிக்குக் கூடத்துக் கதவைத் தாழ் போட்டுவிட்டால் ஏழு வரை எந்தச் சத்தத்துக்கும் யாரும் அசையக் கூடாது. அந்த விதியை அவரைப் போல் காப்பாற்றியவர் இல்லை. குட்டியை வெளியே விட்டால் சிறுத்தை தூக்கிவிடும் என்பதால் அதுவும் உள்ளேதான் கிடக்கும்.

"ரொம்ப நல்லது," என்றார் அம்மா. "நாளைக்கு உக்காரதுக்கு முன்ன ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சிட்டு வாங்க."

"எதுக்கும்மா?"

"குடிச்சிட்டு வாங்களேன்."

குடித்துவிட்டு வந்தார். குரு வார்த்தையாயிற்றே, கூட அரைச் சொம்பும் குடித்தார்.

அம்மா கதவைத் தாழ் போட்டு, அதிலேயே சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

முதல் கால்மணி நேரம் நன்றாகப் போயிற்று. அடுத்த கால்மணியில் மந்திரம் நழுவியது. அதற்கடுத்துப் பிரமநாயகத்துக்கு உலகத்தில் ஒரே ஒரு நினைப்புதான் இருந்தது. அறுபத்துமூன்று வயது உடம்பு எவ்வளவு தாங்கும்?

கீச் என்று ஒரு சத்தம் கேட்டது.

மூன்று வருடத்தில் முதல் தடவையாக, தியானத்தின் நடுவில் அவர் கண்ணைத் திறந்தார்.

போண்டா கதவைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. பிறகு முனகியது. மூக்கால் ஒவ்வொருவர் முட்டியாக இடித்துப் பார்த்தது. கூட உட்கார்ந்திருந்த மற்ற நாலு சீடர்களும் கல்லாக இருந்தார்கள். கடைசியில் அவரிடம் வந்து, அவர் கண்ணைப் பார்த்தது.

அந்தப் பார்வை அவருக்கு நன்றாகப் புரிந்தது.

எழுந்தார். முட்டி சடசடத்தது. குட்டியும் அவருமாகக் கதவருகே போய் நின்றார்கள்.

"அம்மா," என்றார் மெதுவாக.

அம்மா அசையவில்லை.

"அம்மா, கதவு."

அம்மாவின் முகத்தில் பரம சாந்தம்.

"அம்மா! தாங்க முடியலம்மா!"

அம்மா அப்படியே ஒரு முழம் நகர்ந்தார். பிரமநாயகம் தாழை நீக்கியதுமே இருவரும் பாய்ந்து வெளியே ஓடினார்கள். கொய்யா மரத்துக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். வெகுநேரம் ஆயிற்று.

கால் கழுவிவிட்டுத் திரும்பியபோது அம்மா படியில் நின்றிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, குட்டி பழகிருச்சா?"

பிரமநாயகம் குனிந்து போண்டாவைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அது அவர் மூக்குக் கண்ணாடியை நக்கியது.

"அது எப்பவோ பழகிட்டும்மா."

அம்மா படியிலிருந்து இறங்கி வந்தார்.

"அப்போ குளிச்சிட்டு வாங்க. தீட்சையை இன்னிக்கே வச்சிருவோம்."

மூன்று வருடமாகக் காத்திருந்த வார்த்தை. பிரமநாயகம் கிணற்றடிக்குப் போகவில்லை, கூடத்துப் பக்கம் திரும்பினார்.

"கொஞ்சம் பொறுங்கம்மா. உள்ள இன்னும் நாலு பேரு உக்காந்திருக்காங்க. யாருக்கு என்ன அவசரமோ, கேட்டுட்டு வந்திருதேன்."