ஒரு சாண் கீழே

கோயம்புத்தூரில் ஒரு வீட்டுச் சமையலறைச் சுவரில் மஞ்சள் பெயிண்ட் அடித்த பலகை ஒன்று இருந்தது. அதில் ஒரு குழம்புக் கரண்டி தொங்கியது. கரண்டிக்குப் பின்னால், அதன் உருவத்தை அப்படியே சுற்றி வரைந்த கறுப்புக் கோடு இருந்தது. கரண்டி வேலைக்குப் போய் வரும். கோட்டுக்குப் போக இடமில்லை. நாள் முழுக்க ஒட்டிக்கொண்டே கிடந்ததால் இரண்டுக்கும் பேச்சுக்குப் பஞ்சமில்லை.

கோட்டை வரைந்தவர் தனகோபால். பம்ப்செட் கம்பெனியில் சூப்பர்வைசர். அங்கே ஸ்பேனர், சுத்தியல் எல்லாவற்றுக்கும் இப்படிக் கோடு வரைந்த பலகை உண்டு. எடுத்த சாமானைத் திருப்பி மாட்டாவிட்டால் வெறும் கோடு பல்லை இளிக்கும். எது காணோம் என்று தேடி யாரும் நேரத்தைத் தொலைக்க வேண்டாம். வீண் தேடல், வீண் நடை, வீண் காத்திருப்பு இதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் வேலை தினம் ஒரு படி மேலே போகும் என்று கம்பெனியில் வகுப்பு எடுத்தார்கள். வகுப்பில் பாதிப் பேர் டீ எப்போது வரும் என்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தனகோபால் பாடத்தை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.

கெட்ட எண்ணம் என்று நினைத்துவிடாதீர்கள். மனைவி வசந்தாமணி காலையில் அடுப்பில் பால் பொங்கும்போது இடுக்கியைத் தேடி அல்லாடுவாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் செய்தார். மகளைக் கட்டிக்கொடுத்தபின் வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பலகையை இழைத்து, பெயிண்ட் அடித்து, கரண்டி, இடுக்கி, வடிகட்டி, தோசைத் திருப்பி எல்லாவற்றுக்கும் கோடு வரைந்தார். வசந்தாமணிக்கும் சந்தோஷம்தான். பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு, எங்க ஊட்டுக்காரர் செஞ்சது என்று காட்டினாள். அன்றைக்குக் கரண்டிக்கும் கோட்டுக்கும் தலைகால் புரியவில்லை.

ஒரே ஒரு பிசகு. தனகோபால் நெட்டை. வசந்தாமணி அவர் தோளுக்குத்தான் வருவாள். பலகையை எந்த உயரத்தில் அடிப்பது என்று வந்தபோது அவர் நேராக நின்று, தன் கை எட்டும் மட்டத்துக்கு ஆணியை வைத்து அடித்துவிட்டார். வசந்தாமணி நுனிக்காலில் நின்று கையை நீட்டிக் கரண்டியை எடுத்தாள். பெரிய விஷயமா அது? அப்போது அவளுக்கும் அப்படித் தோன்றவில்லை.

கையில் வரும் சேதி முதலில் கரண்டிக்குத்தான் தெரியும். ஒரு நாள் காலை அவள் கை கொக்கி வரைக்கும் வந்து, பாதியில் நின்று, கீழே இறங்கியது. மறுபடி மெதுவாக ஏறியது. அன்று வேலை முடிந்ததும் கரண்டியைக் கழுவி அடுப்பு மேடையிலேயே வைத்துவிட்டாள். மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும்.

சாயங்காலம் தனகோபால் வந்தார். பலகையைப் பார்த்தார், வெறும் கோட்டைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே கரண்டியை எடுத்து மாட்டிவிட்டுக் காபியைக் குடித்தார். சில நாளில் சிரிப்பு நின்றது, மாட்டுவது மட்டும் நிற்கவில்லை.

கரண்டி கோட்டிடம் புலம்பியது. அவளுக்கு வலது கையில் என்னவோ ஆகியிருக்கிறது, தூக்கினால் அக்குளில் பிடித்து இழுக்கிறது போலிருக்கிறது, நீயாவது அவருக்குக் காட்டக் கூடாதா என்றது. கோடு கறாரான பேர்வழி. காலியாக இருக்கிறேன் என்று தினம் காட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், இதற்கு மேல் என்னிடம் வாயா இருக்கிறது என்று கேட்டது. அவர் மாட்டியதும் நான் நிறைந்துவிடுகிறேன், நிறைந்த கோட்டுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்றும் சொன்னது.

தனகோபாலின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு மார்க்கர் பேனா செருகியிருக்கும். கம்பெனிக்கும் வீட்டுக்கும் போய்வருகிற ஜீவன் அது ஒன்றுதான். ஒரு சாயங்காலம் அவர் பலகைக்கு எதிரே நின்று காபியை ஆற்றிக்கொண்டிருந்தபோது, பையிலிருந்து எட்டிப் பார்த்த மார்க்கர் விஷயத்தைக் கேட்டுத் திகைத்துப்போனது.

"அங்க இப்படி இல்லையே," என்றது. "அங்க ஒரு கோடு காலியா இருந்தா, சாமானை மாட்டுறதுக்கு முந்தி ஏன்னு கேப்பாரு. பதில் சொன்னா அதுக்கும் ஏன்னு கேப்பாரு. அடி ஆழம் தெரியற வரைக்கும் விடமாட்டாரு."

கம்பெனியில் மோட்டாருக்குக் கம்பிச் சுருள் சுற்றும் பிரிவில் கிளாரா என்று ஒரு பெண். தன் ஸ்பேனரைத் திருப்பி மாட்டாமல் மேஜை மேலேயே வைத்துக்கொண்டிருந்தாள். தனகோபால் அவளைத் திட்டவில்லை. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஏன் என்று கேட்டார். தயங்கித் தயங்கி, பலகை எனக்கு எட்டலீங்க சார் என்றாள். அன்றைக்கே அவளை நிற்க வைத்து அளந்து, பலகையை ஒரு சாண் கீழே இறக்கினார். அந்த மாத மீட்டிங்கில் அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். உடம்புக்குத் தக்க இடம் வேணும், இடத்துக்குத் தக்க உடம்பை வளைக்கக் கூடாது என்று பேசினாராம்.

"ஊருக்குத்தான் உபதேசம்," என்றது பக்கத்தில் தொங்கிய இடுக்கி. அதற்கு எப்போதும் கொஞ்சம் வாய் நீளம்.

கரண்டிக்கு இடுக்கியின் கிண்டல் ரசிக்கவில்லை. மாட்டியபடியே இருந்தால்தானே அவர் நிம்மதியாகப் போகிறார், நான் விழுகிறேன், விழுந்துகொண்டே இருந்தால் ஒரு நாளாவது கேட்பார் என்று முடிவு செய்தது. மறுநாள் அவர் மாட்டிவிட்டுத் திரும்பியதும் கொக்கியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அடுத்த நாளும் விழுந்தது. காம்பு நசுங்கியது. பரவாயில்லை என்று பொறுத்துக்கொண்டது.

தனகோபால் உட்கார்ந்து யோசித்தார். கரண்டி ஏன் விழுகிறது என்று யோசித்தார். கொக்கி ஆழமில்லை என்று கண்டுபிடித்தார். குறடு கொண்டுவந்து கொக்கியின் நுனியை மேலே பார்க்க நன்றாக வளைத்துவிட்டார். இனிமேல் விழாது என்று வசந்தாமணியிடம் பெருமையாகச் சொன்னார். பாவி மனுஷர். அந்தக் கொக்கியிலிருந்து கரண்டியைக் கழற்ற இப்போது இன்னும் உயரத் தூக்க வேண்டும்.

அன்று இரண்டு முறை முயன்றுவிட்டு வசந்தாமணி வாசலுக்கே வந்து கேட்டாள்.

"இங்க பாருங்க, அந்தப் பலகையைக் கொஞ்சம் கீழ அடிச்சுக் குடுக்கறீங்களா?"

அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் பதில் சொன்னார்.

"நெனச்சப்பல்லாம் எடத்தை மாத்துனா அப்புறம் ஒழுங்குன்னு ஒண்ணு நிக்குமா வசந்தா? ஒரு வாரம் பழகு. கை தானா போயிரும்."

அவள் சரிங்க என்று உள்ளே போனாள். அதற்கப்புறம் அவள் கேட்கவே இல்லை. கம்பெனியில் வெளிநாட்டு ஆட்கள் பார்வையிட வருகிற மாதம் அது. அவர் தூக்கத்தில்கூடக் கணக்குப் பேசிக்கொண்டிருந்தார். அவரைத் தொந்தரவு பண்ணக் கூடாது என்று அவள் நினைத்தாள். அவளுக்குத் தன் மேல் எப்போது இரக்கம் இருந்தது?

அவள் இடது கையால் எடுக்கப் பழகிக்கொண்டாள். ஸ்டூலைப் போட்டு ஏறி, இடது கையால் கழற்றி, இடது கையால் மாட்டினாள். தனகோபால் சாப்பிட வருவதற்கு முன்பே தட்டில் எல்லாவற்றையும் போட்டு மூடி வைத்துவிடுவாள். அதனால் அவர் கண்ணில் எதுவும் படவில்லை. பலகையில் ஒரு கோடும் காலியில்லை.

"பாத்தியா, பழகிருச்சு," என்றார் ஒரு நாள், அவள் தோளைத் தட்டி. வலது தோள். கரண்டிக்கு அந்த இடத்தில் கத்த வேண்டும் போலிருந்தது. தொண்டையில்லாத ஜென்மம் என்ன செய்யும்?

பார்வையிட வந்தவர்கள் கம்பெனியைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். அந்த மகிழ்ச்சியில் தன்னோடு வேலை செய்கிற ஏழெட்டுப் பேரைத் தனகோபால் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். அவர்களில் கிளாராவும் இருந்தாள். முதலில் எல்லாரும் சமையலறைக்குப் போய்ப் பலகையைப் பார்த்தார்கள், செல்போனில் படம் எடுத்தார்கள். பிறகு கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். இலை போட்டாயிற்று. விருந்தாளிகளுக்கு முன்கூட்டியே போட்டு மூடி வைக்க முடியாது. எதிரே நின்று பரிமாற வேண்டும்.

வசந்தாமணி வந்தாள். குழம்பு வாளியை அடுத்த வீட்டுப் பெண் பிடித்துக்கொள்ள, இடது கையால் கரண்டியை எடுத்து முதல் இலையில் ஊற்றினாள்.

நம் வீடுகளில் யாராவது இடது கையால் சோறு போடுவார்களா? ஒருவர் இலையைப் பார்த்தார், ஒருவர் சுவரைப் பார்த்தார். தனகோபாலுக்கு முகம் சுண்டிவிட்டது. குரலைத் தாழ்த்தி, சோத்துக்கையால போடு வசந்தா என்றார்.

அவள் அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு கரண்டியை வலது கைக்கு மாற்றினாள். வாளியிலிருந்து மேலே தூக்கினாள். கரண்டி தன்னால் ஆன மட்டும் கனத்தைக் குறைத்துக்கொள்ளப் பார்த்தது. பாதி உயரத்தில் கரண்டி கையை விட்டு விழுந்தது. இந்த முறை அது வேண்டுமென்று விழவில்லை.

குழம்பு தரையெல்லாம் ஓடியது. தனகோபால் எழுந்து வந்தார். வீட்டுக்குள் முதல் முறையாக அந்த வார்த்தை அவர் வாயில் வந்தது.

"ஏன் வசந்தா?"

"தூக்க முடியறதில்லீங்க."

"எப்ப இருந்து?"

அவள் தரையைத் துடைக்கத் துணியைத் தேடிக்கொண்டே சொன்னாள்.

"நீங்க கொக்கிய வளைச்சீங்களே, அதுக்கு முந்தியே."

யாரும் சாப்பிடவில்லை. கிளாராதான் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் உட்கார வைத்தாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அக்குளில் கட்டி. மார்பிலிருந்து பரவியது என்றார் டாக்டர். எத்தனை நாளாக வலி என்று அவரும் கேட்டார், ஏன் முதலிலேயே வரவில்லை என்றும் கேட்டார். தனகோபாலிடம் அந்த ஏனுக்குப் பதில் இருந்தது.

அடுத்து வந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல எனக்கும் மனசில்லை. அவர் கம்பெனிக்கு லீவு போட்டார். சமைத்தார், ஊட்டினார், தலை வாரிவிட்டார், முடி கொட்டியபின் வாரவும் வேலையில்லாமல் போயிற்று. தினமும் ஏன், எங்கே, எப்படி வலிக்குது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை கேள்வியும் ஒரே மாசத்துல கேக்கறீங்களே என்றாள். கார்த்திகைக்குப் பத்து நாள் முன்னால் போய்ச் சேர்ந்தாள்.

சொந்தக்காரர்கள் எல்லாம் கலைந்து போனபின் தனகோபால் சமையலறையில் வந்து நின்றார். யாரோ எல்லாப் பாத்திரத்தையும் கழுவி, எல்லாவற்றையும் அதனதன் கோட்டில் மாட்டியிருந்தார்கள். அவர் பலகையை வெகுநேரம் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

கோட்டுக்குக் குழப்பமாகிவிட்டது.

"எல்லாம் இருக்கே," என்றது. "நான் நிறைஞ்சிருக்கேன். எந்தக் கோடும் காலியில்லை. எதைக் காணோம்னு இவர் அழறாரு?"

"அவளுக்கு அவர் கோடு போடலை," என்றது கரண்டி.



சில நாள் கழித்து அவர் சுத்தியலோடு வந்தார். பலகையைக் கழற்றினார். அவளுடைய நைட்டி ஒன்றை எடுத்துவந்து, அடி தரையைத் தொடும்படி சுவரோரம் பிடித்து, அவள் தோள் எங்கே வரும் என்று பார்த்து, அந்த மட்டத்துக்கு அடித்தார். வளைத்த கொக்கியைக் குறடால் நிமிர்த்தினார். இப்போது கரண்டியை எடுக்க அவர் முதுகை வளைத்துக் குனிய வேண்டும். காலையில் குனிகிறார், மத்தியானம் குனிகிறார்.

பொங்கலுக்கு வந்த மகள் அதைப் பார்த்தாள்.

"என்னப்பா இது, இவ்வளவு கீழ அடிச்சிருக்கீங்க? உங்களுக்கு இடுப்பு போயிருமே."

அவர் குனிந்து கரண்டியை எடுத்தார்.

"அம்மாதான் கேட்டா கண்ணு," என்றார்.