கல்லில் ஒரு வரி

“‘நண்பன் கூப்பிட்டால் சாப்பிடுகிற கையோடு எழுந்து போக வேண்டும்’ என்று அப்பா அவையில் சொல்வார். அதற்குப் பிறகும் ஏதோ சொல்வார். அதுதான் நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது,” என்றார் அரசர் வெண்கோடர்.

“பாதி நினைவிலேயே ஆயிரம் பேரைக் கப்பலேற்றத் துணிந்துவிட்டாய். முழுதும் வந்தால் என்ன செய்வாயோ!” என்றார் மருதி.

மருதி அரசரின் ஆசிரியர். அவரைவிட இரண்டு வயது இளையவர்தான். ஆனாலும் அரசரை ‘நீ’ என்று சொல்லக்கூடியவர் அந்த நாட்டில் அவர் ஒருவர்தான்.

கடலுக்கு அப்பால் ஒரு தீவை ஆளும் நண்பன் படை கேட்டு ஓலை அனுப்பியிருந்தான். அவனுக்கும் அவன் தம்பிக்கும் ஒரு துறைமுகத்துக்காகப் போர்.

“அனுப்பட்டுமா, வேண்டாமா? சொல்லுங்கள் அம்மா.”

மருதி அவரைக் கல்தச்சர் பூதனாரின் பட்டறைக்கு அழைத்துப் போனார்.

போரில் விழுந்தவனுக்குக் கல் நடுவது அந்த நாட்டு வழக்கம். எதற்காக விழுந்தான் என்று அதில் ஒரே வரி இருக்கும். அந்த வரியை அரசர்தான் தம் வாயால் சொல்ல வேண்டும்.

சுவரோரம் பழைய கல் ஒன்று செப்பனிட வந்திருந்தது. ‘ஊர் மாடுகளை மீட்டு விழுந்தான்.’

மருதி பக்கத்தில் இருந்த வெறுங்கல்லைக் காட்டினார். “இது உன் ஆயிரம் பேரில் ஒருவனுக்கு. வரியைச் சொல்.”

“இன்னும் யாரும் சாகவில்லையே!”

“அதனால்தான் இப்போதே கேட்கிறேன்.”

அரசர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “தன் அரசரின் நண்பருக்கும், அந்த நண்பரின் தம்பிக்கும், துறைமுகம் யாருக்கு என்று எழுந்த வழக்கில், மூத்தவர் பக்கம் நியாயம் சற்றுக் கூடுதலாக இருந்தபடியால்...”

பூதனார் உளியைக் கீழே வைத்தார். “அரசே, இது கல். ஓலை இல்லை.”

மருதி சிரித்துவிட்டார். அரசருக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அரசர் வெறுங்கல்லின் முன் குனிந்து விரலால் எழுதிப் பார்த்தார்.

“சரி, இப்படி வெட்டுங்கள். ‘நண்பன் அழைத்தான், போனான்.’”

“நல்ல வரி. பொய்யும் இல்லை, நீளமும் இல்லை,” என்றார் மருதி, அரசரின் தோளில் படிந்திருந்த கல்தூசியைத் தட்டிவிட்டபடி. “ஆனால் கோடா, இது யாருடைய கல்?”

“என்னுடையது. அவன் கூப்பிட்டது என்னைத்தான்; அப்பா சொன்ன மீதியும் அதுதான், ‘தானே போக வேண்டும், ஆளை அனுப்பக் கூடாது,’” என்றார் அரசர்.

மறுநாள் ஆயிரம் பேரையும் வீட்டுக்கு அனுப்பினார். நண்பனையும் அவன் தம்பியையும் பார்த்துப் பேச, ஆயுதம் இல்லாமல், தாமே கப்பலேறினார்.