தூங்குகிறாயா என்று கேட்டவன்

குமரிக் கடற்கரையில் ஒரு சின்னக் கம்பெனி. படகுக்காரர்களுக்கு ஒரு கருவி செய்துகொண்டிருந்தார்கள். நடுக்கடலில் ஆபத்து என்றால் பொத்தானை அமுக்கினால் போதும், கரைக்குத் தகவல் வந்துவிடும்.

உள்ளே இரண்டு பிராசஸர். பெரியது வேகமானது, ஆனால் பேட்டரியை உறிஞ்சிவிடும். சின்னது மெதுவானது, சிக்கனமானது. எந்த வேலையை எதற்குக் கொடுப்பது, எதை எப்போது தூங்க வைப்பது என்று முடிவு செய்கிற கெர்னல் என்ற அடிப்படை மென்பொருள் தொபியாஸின் பொறுப்பு.

முத்தரசி அவனைவிட இளையவள். ஆனாலும் அங்கே அவள்தான் ஆசான். வித்தைக்கு வயதா பார்ப்பார்கள்?

“ஆசானே, பேட்டரி பாதியிலேயே செத்துப்போகுது. சாயங்காலம் என் தம்பி ரீகன் இதை நம்பித்தான் கடலுக்குப் போறான்.”

“என்ன செஞ்சீங்க அண்ணே?”

“காவலுக்கு ஒரு புரோகிராம் போட்டேன். எது தூங்குது, எது வீணா முழிச்சிருக்குன்னு ஓயாம பாத்துக்கிட்டே இருக்கும்.”

“அப்புறம்?”

“இன்னும் சீக்கிரம் செத்துச்சு. அதனால காவலை இன்னும் நெருக்கமாக்கினேன்.”

பயந்தவன் புத்தி அப்படித்தான் போகும்.

முத்தரசி திரையைப் பார்க்கவே இல்லை. “ரீகன் எங்கே?”

“வலைக்கூடத்துல தூங்குறான். ராத்திரி பூரா முழிக்கணும்லா?”

“தூங்குறானான்னு பாத்துட்டு வாங்க.”

போனான், வந்தான். “தூங்குறான்.”

“எப்படித் தெரியும்?”

“கேட்டேன். ஆமான்னு சொன்னான்.”

“சரி, இன்னொரு தடவை கேட்டுட்டு வாங்க.”

கேட்டுவிட்டு வந்தான். மறுபடியும் அனுப்பினாள். இந்தத் தடவை ரீகனின் சத்தம் இங்கேயே கேட்டது.

“ஏண்ணே, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? நீ கேட்டுக் கேட்டே என் தூக்கம் போச்சு!”

கூடவே ஒரு செருப்பு பறந்தது.

தொபியாஸ் திரும்பி வந்து திரை முன்னால் நின்றான். உட்காரவில்லை. காவலை அழித்தான்.

“பாக்காம விட்டா, எந்த வேலை எவ்வளவு தின்னுதுன்னு எப்படி ஆசானே தெரியும்?”

“வேலை வந்தா அது தானா முழிக்கும்லா? அப்போ கேளுங்க.”

அப்படியே எழுதினான். சாயங்காலம் வரை ஓடவிட்டுப் பார்த்தார்கள். பேட்டரி கொஞ்சம்தான் இறங்கியிருந்தது.

ரீகன் கருவியை இடுப்பில் கட்டிக்கொண்டு படகில் ஏறினான். படகு அலையைத் தாண்டி, புள்ளியாகி, மறைந்தது. தொபியாஸுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“ஆசானே, கரையிலிருந்தும் அதுக்குத் தகவல் அனுப்பலாம்லா? அப்பப்போ ‘நல்லாருக்கியாலே’ன்னு ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டா?”

“எதுக்கு?”

“எனக்கு ஒரு நிம்மதி.”

முத்தரசி கடலைப் பார்த்தபடியே சொன்னாள்.

“அவன் கூப்பிடும்போது பேட்டரி இருக்கணும் அண்ணே.”