ஒச்சப்பன் வீட்டு கிரைண்டரை ஓட வச்ச கதை

கோணமேட்டுப்பட்டின்னு ஒரு ஊரு. மேப்புல தேடாதீங்க. மேப்பு வரைய வந்த ஆளுக்கு ஊர்க்காரங்க வழி சொல்லி அனுப்பி வச்சாங்க, அந்த ஆளு இன்னும் நடந்துக்கிட்டே இருக்கான்.

அந்த ஊருல ஒச்சப்பன், அவன் தம்பி சின்னாண்டி, சித்தப்பா மகன் மொக்கையன். மூணு பேருக்கும் சேத்து ஒரு மூளை இருந்துச்சு. அது இன்னிக்கு யாருகிட்ட இருக்குன்னு கேட்டா, ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாப்பாங்க.

இந்த மூணு பேரும் சமுதாயக் கூடத்துல மூணு நாள் பயிற்சிக்குப் போனாங்க. 'நம்ம வீட்டு ரிப்பேரை நாமே பாப்போம், தன்னம்பிக்கைய வளப்போம்'னு வாசல்ல பேனர் கட்டியிருந்துச்சு. மத்தியானம் சாப்பாடும் உண்டுன்னு அதுக்குக் கீழ சின்னதா எழுதியிருந்துச்சு. இவங்க கீழருந்துதான் படிச்சாங்க.

பயிற்சி குடுத்த வாத்தியாரு நல்ல மனுசன். மூணு நாளும் ரெண்டே விசயத்தைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னாரு. "மெயினை அமத்தாம எதுலயும் கை வைக்காதீங்கப்பா. கழட்டுனதை, இருந்தது இருந்த மாதிரியே மாட்டுங்கப்பா." கடைசி நாளு ஆளுக்கொரு சர்டிபிகேட்டு குடுத்து, "உங்களுக்கு வேற எது வந்துச்சோ தெரியலை, தன்னம்பிக்கை வந்துருச்சு"ன்னாரு.

உண்மையாவே வந்துருச்சு. ஒச்சப்பனுக்கு முன்னெல்லாம் பல்பு மாட்டத் தெரியாது. இப்பவும் தெரியாது. ஆனா பல்பு மாட்றவனை அதட்டத் தெரிஞ்சுபோச்சு.

அடுத்த வாரமே அவன் வீட்டு கிரைண்டர் நின்னுபோச்சு. பொண்டாட்டி பஞ்சவர்ணம் காலைல வாசல்ல இட்லி போட்டு விக்கிறவ. அரிசியும் உளுந்தும் ஊறிக்கிட்டு கிடக்கு. ஸ்விட்சைப் போட்டா மோட்டார் 'ம்ம்ம்'ங்குது, மாவாட்டுற தொட்டி அசைய மாட்டேங்குது.

"எங்கண்ணனுக்குப் போனைப் போடவா?"ன்னா பஞ்சவர்ணம்.

அவ அண்ணன் வீரணன் பக்கத்து ஊரு. எந்த ரிப்பேரா இருந்தாலும் ரெண்டு நிமிசத்துல முடிச்சிருவான். முடிச்சிட்டு அதைப் பத்தி ரெண்டு வருசம் பேசுவான். போன தடவை ஒரு டியூப்லைட்டை மாட்டிட்டு, அதைக் கல்யாண வீட்டுல பந்திக்குப் பந்தி சொன்னான். ஒச்சப்பன் மூணு பந்தியிலயும் தலையக் குனிஞ்சுக்கிட்டே சாப்புட்டான்.

"சர்டிபிகேட்டு வாங்குன புருசன் வீட்டுல இருக்கையில அண்ணன் எதுக்குடி?"

"நான் காதுகுத்துக்குப் போறேன். ஆறு மணிக்கு வருவேன். வந்து உளுந்தைப் போட்டா கிரைண்டர் சுத்தணும். சுத்தலை, போனைப் போட்ருவேன்."

அவ தலை மறைஞ்சதும் மூணு பேரும் வேட்டிய மடிச்சுக் கட்டுனாங்க.

"மொதல்ல மெயினை அமத்து"ன்னான் ஒச்சப்பன். சின்னாண்டி சுவத்துப் பக்கம் போனவன் பாதியில நின்னுட்டான்.

"அண்ணே, மெயினை அமத்தணும்னா மெயின்ல கை வைக்கணும்."

"ஆமா, வை."

"மெயினை அமத்தாம எதுலயும் கை வைக்கக் கூடாதுன்னாரே வாத்தியாரு."

மூணு பேரும் உக்காந்துட்டாங்க. லேசுப்பட்ட விசயமா அது? ஒரு மணி நேரம் யோசிச்சாங்க. நடுவுல மொக்கையன் ஒரு தூக்கமும் போட்டு எந்திரிச்சான். எந்திரிச்சவன்தான் சொன்னான்: "கை வைக்கக் கூடாதுன்னுதானே சொன்னாரு. காலைப் பத்தி ஒண்ணுஞ் சொல்லலையே."

அப்புறம் என்ன, சின்னாண்டியைத் தலைகீழாத் தூக்கி, அவன் பெருவிரலால மெயினை ஒரு எத்து எத்த வச்சாங்க. மெயின் அமந்துச்சு. சின்னாண்டியும் கீழ விழுந்து கொஞ்ச நேரம் அமந்து கிடந்தான்.

கிரைண்டரைக் கழட்டுனாங்க. ஒவ்வொண்ணையும் கழட்ட முன்னாடி மொக்கையன் போன்ல போட்டோ எடுத்துக்கிட்டான். மாட்டும்போது மாறிரக் கூடாது பாருங்க. அடித் தகடைத் திறந்ததும் உள்ள ரப்பர் பெல்ட்டு ரெண்டா அறுந்து கிடந்துச்சு. பக்கத்துல ஒரு கரப்பான். கிளிக்குன்னு போட்டோ எடுத்தானா, அந்த வெளிச்சத்துக்குக் கரப்பான் ஓடிப்போச்சு.

"விட்டுட்டியேடா," ஒச்சப்பன் தலையில கை வச்சுட்டான். "அது உள்ள இருந்த சாமான்."

ரெண்டு மணி நேரம் வீட்டைப் புரட்டுனாங்க. அரிசி மூட்டைய அவுத்தாங்க. பஞ்சவர்ணத்தோட பட்டுச்சேலைய உதறுனாங்க. கடைசில மூணு கரப்பான் மாட்டுச்சு. அதுதான் வம்பாப் போச்சு.

"இதுதான்."

"அது எப்படி? நம்ம கரப்பானுக்கு இடது மீசை கொஞ்சம் வளைஞ்சிருக்கு பாரு."

போட்டோவப் பெருசாக்கி, மூணையும் வரிசையா டம்ளருக்குள்ள கவுத்தி வச்சு, மீசை மீசையாப் பாத்து ஒண்ணை முடிவு பண்ணாங்க. மத்த ரெண்டையும் மரியாதையா வாசல்ல கொண்டுபோய் விட்டாங்க.

அடுத்து பெல்ட்டு. "அண்ணே, இது அறுந்திருக்கே, ஒரு முடிச்சுப் போட்ருவமா?"ன்னான் சின்னாண்டி.

"போட்டோவுல முடிச்சு இருக்கா?"

"இல்ல."

"அறுந்துதானே இருக்கு?"

"அறுந்துதான் இருக்கு."

"அப்ப அறுந்த மாதிரியே வை. சொந்தப் புத்திய உள்ள விடாத. அதுனாலதான் நாட்டுல பாதி சாமான் கெட்டுக் கிடக்கு."

அறுந்த பெல்ட்டை, அறுந்த மேனிக்கே, வளைவு கூட மாறாம வச்சாங்க. கரப்பானை வச்சாங்க. தகடை மூடுனாங்க. ஒரு ஸ்க்ரூ மிச்சமில்லை. மூணு பேரும் கொஞ்ச நேரம் தள்ளி நின்னு பாத்தாங்க. ஒச்சப்பனுக்கு நெஞ்சு பொங்கிருச்சு. வீரணன் மாட்டுனா கூட ரெண்டு ஸ்க்ரூ மிச்சம் வைப்பான்.

சின்னாண்டியை மறுபடி தலைகீழாத் தூக்குனாங்க. ஒரு தடவை பழகுன கால், ஒரே எத்துல மெயின் வந்துருச்சு. ஒச்சப்பன் கிரைண்டர் ஸ்விட்சைப் போட்டான். மோட்டார் 'ம்ம்ம்'ன்னுச்சு. தொட்டி அசையலை.

மணி அஞ்சே முக்கால்.

"அண்ணே, மாட்டுனதுல தப்பிருக்குமோ?"

"காலைல எப்படி இருந்துச்சு?"

"ஓடாம இருந்துச்சு."

"இப்ப?"

"ஓடாம இருக்கு."

"ஒரு மயிரிழை மாறலைடா. ரிப்பேர் சுத்தமா முடிஞ்சுருச்சு. ஓடலைங்கிறது வேற பிரச்சனை." சொல்லிட்டானே ஒழிய, காதுக்குள்ள வீரணனோட பேச்சு இப்பவே கேக்க ஆரம்பிச்சிருச்சு. அடுத்த மாசம் ஊருல ரெண்டு கல்யாணம் வேற இருக்கு.

மொக்கையன் அலுத்துப்போயி தொட்டி மேல சாஞ்சான். தொட்டி லேசா நகந்துச்சு.

"அண்ணே, சுத்துதே."

"கைய எடு, பாப்போம்."

எடுத்தான். நின்னுபோச்சு. வச்சுத் தள்ளுனான். சுத்துச்சு.

"கண்டுபிடிச்சாச்சு"ன்னான் ஒச்சப்பன். "கைய எடுத்தாத்தான் நிக்குது. அப்ப கைய எடுக்காத."

"மெயின் ஆன்ல இருக்கே அண்ணே, கை வைக்கலாமா?"

"ரிப்பேருக்குத்தான் வைக்கக் கூடாது. ரிப்பேர்தான் முடிஞ்சுருச்சே."

வாசல்ல செருப்புச் சத்தம். ஒச்சப்பன் சட்டுன்னு ஸ்விட்சை அமத்துனான். பஞ்சவர்ணம் ஒரு கையில தாம்பூலப் பையும் ஒரு கையில போனுமா வந்தா. உளுந்தை அள்ளித் தொட்டியில போட்டா, தண்ணிய ஊத்துனா, புருசனைப் பாத்தா.

ஒச்சப்பன் ஸ்விட்சைப் போட்டான். அந்தப் பக்கம் சின்னாண்டி, இந்தப் பக்கம் மொக்கையன், ரெண்டு பேரும் தொட்டி விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு செக்குமாடு மாதிரி ஓட ஆரம்பிச்சாங்க. உளுந்து நுரைச்சுக்கிட்டு வந்துச்சு.

"என்னய்யா இது?"

"சுத்துதா, இல்லையா?"

"சுத்துது."

"நிப்பாட்டிக் காட்டவா?" ஸ்விட்சை அமத்துனான். ரெண்டு பேரும் சட்டுன்னு நின்னாங்க. போட்டான். ஓடுனாங்க. "உங்கண்ணன் பண்ண ரிப்பேர்ல எதாவது இவ்வளவு கரெக்டா நின்னுருக்கா?"

பஞ்சவர்ணம் யோசிச்சா. அவளும் அந்த ஊருலதானே பத்து வருசமா தண்ணி குடிக்கிறா. போனை இடுப்புல செருகிக்கிட்டு மாவைத் தள்ளிவிட உக்காந்துட்டா. ஒச்சப்பன் ஸ்விட்சுக்குப் பக்கத்துல நாற்காலிய இழுத்துப் போட்டு, கால் மேல கால் போட்டான்.

உளுந்து பாதி ஆட்டியிருப்பாங்க. பட்டுன்னு கரண்டு போயிருச்சு. தெருவே இருட்டாயிருச்சு. ரெண்டு பேரு காலடிச் சத்தமும் அதோட நின்னுபோச்சு.

"ஏன்யா நின்னுட்டீங்க?"

"கரண்டு போயிருச்சு மதினி"ன்னான் சின்னாண்டி, இருட்டுக்குள்ளருந்து.

"உங்களுக்கு எதுக்குய்யா கரண்டு? சும்மா ஓடுங்க."

"கரண்டு இல்லாம ஓடுறதுக்கு இது என்ன ஆட்டுக்கல்லா?"ன்னான் ஒச்சப்பன். "கிரைண்டர்டி."

அவளுக்குப் பொறுக்கலை. போனைப் போட்டுட்டா. வீரணன் கொரலு வீடு பூரா கேட்டுச்சு.

"என்னம்மா?"

"கிரைண்டர் பாதியில நின்னுபோச்சுண்ணே. மாவு புளிச்சிரும் போலருக்கு."

"கரண்டு இருந்தப்ப ஓடுச்சா?"

"ஓடுச்சு."

"கரண்டு போனதும் நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"அப்ப கிரைண்டர் மேல ஒரு குத்தமும் இல்லம்மா. யாரு ரிப்பேர் பாத்தது?"

"உங்க மாப்ளதான்."

"நல்லாத்தான் பாத்திருக்காரு. நான் எதுக்கு, கரண்டு வந்தா தானா ஓடும்"னு சொல்லிட்டு வச்சுட்டான்.

ஒச்சப்பன் இருட்டுல எந்திரிச்சு நின்னான். பயிற்சி முடிச்ச அன்னிக்குக் கூட அவனுக்கு நெஞ்சு இப்படி நிமிந்ததில்லை.

"டே, ரெண்டு பேரும் கைய மட்டும் எடுத்துராதீங்க"ன்னான். "கரண்டு வந்து, கிரைண்டர் ஓடலைன்னா ரிப்பேர் சரியில்லைன்னு ஆயிரும்."