இருளாயியின் கையெழுத்து

“ஒரு கையெழுத்துப் போட ஒரு மணி நேரமா என்னை வெயில்ல நிறுத்தி வெச்சிருக்கே.” இதையே மூன்றாவது தடவையாகச் சொன்னார், ஜீப்பில் வந்த அதிகாரி தணிகாசலம்.

கேட்டுக்கொண்டு நின்றவள் ஊர்த் தொட்டிக்கு மோட்டார் போடும் இருளாயி. ஊர்க் குழாயிலும் புதுப் பொதுக் கழிப்பறையிலும் தண்ணீர் தாராளமாக வருகிறது என்று அவள் கையெழுத்திட வேண்டுமாம். ஊரின் ஆழ்துளைக் கிணறு வற்றி மூன்று மாதம் ஆகிறது. கையெழுத்துப் போட்டால், இப்போது வந்துகொண்டிருக்கும் தண்ணீர் லாரி மறுநாளே நின்றுவிடும். பிறகு பாசி பிடித்த ஊருணிதான் கதி. அதைக் குடித்த இரண்டு குழந்தைகள் ஏற்கெனவே வாந்திபேதியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தன. போடாவிட்டால் அவள் வேலை போகும்.

இருளாயி காகிதத்தை இன்னொரு தரம் வாசித்தாள்.

“போட்டுடுறேன் சார். ‘ஆய்வு செய்தவர் கழிப்பறையைப் பயன்படுத்திப் பார்த்தார்’னு மேல ஒரு வரி காலியா இருக்கே. அதை நீங்க முடிச்சிட்டா, கீழ நான் போட்டுடுவேன்.”

“அவ்வளவுதானே?”

காலையிலிருந்து ஜீப்பில் சுற்றிய மனிதர். அவருக்கும் அவசரம்தான் போலிருக்கிறது. விறுவிறுவென்று உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார். முதலில் குழாயைத் திறந்து பார்க்க வேண்டும் என்று, ரிப்பன் வெட்டியே பழகியவருக்கு எங்கே தோன்றும்?

வெளியே இருபது பெண்கள் காலிக் குடங்களோடு லாரிக்குக் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் குழாயைத் திருகும் சத்தம் கேட்டது. திரும்பத் திரும்பக் கேட்டது.

“இருளாயி, ஒரு வாளி தண்ணி கொண்டாம்மா.”

யாரும் அசையவில்லை.

“அரை வாளி இருந்தாக்கூடப் போதும்மா.”