மருதமரத்தடி யாருக்கு?

“அம்மா, ஒரே மரத்தடியை மூணு பேருக்கு எப்படிக் கொடுக்கிறது?” என்று கேட்டார் பரமானந்தம்.

நாச்சியாரம்மா கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எந்த மரம்?”

“படித்துறைக்குப் பக்கத்துல நிக்கிற மருதமரம்.”

“அங்க காத்து வருமா?”

“நல்லா வரும். அதுதான் பிரச்சினையே.”

பரமானந்தம் வாழ்நாளெல்லாம் பாலம் கட்டியவர். ஓய்வு பெற்றதும் மனசுக்கு அமைதி வேண்டும் என்று தாமிரபரணிக் கரையில் இருந்த நாச்சியாரம்மாவின் குடிலுக்கு வந்து சேர்ந்தார். குரு அவரைவிடப் பல வயது இளையவர். அதில் அவருக்குச் சங்கடம் இல்லை. குரு அவரை ‘இன்ஜினியர்’ என்று கூப்பிடுவதில்தான் சங்கடம். அதை விட்டுவிட்டு வருவதற்காகத்தானே அவர் வந்தார்.

ஊரும் அதை விடவில்லை.

ஆற்றங்கரையில் ஒரு சந்தை வேண்டும், பாயும் பெட்டியும் பானையும் பலகாரமும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் செய்வதெல்லாம் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும், வரைபடம் போட்டுக் கொடுங்கள் என்று பஞ்சாயத்துத் தலைவர் வந்து நின்றார். போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமைக்குள் கடைக்காரர்கள் எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் கார் நிறுத்துவதற்குப் போய்விடும்.

பரமானந்தம் வரைந்தார்.

மீன் வறுத்து விற்கும் ரோசம்மாள் பார்த்தாள். “மரத்தடி எனக்கு. அங்கன இருந்து வறுத்தாத்தான் வாசனை ரோடு வரைக்கும் போவும்.”

மாற்றி வரைந்தார்.

பாய்க் கடை செய்யது பார்த்தார். “வெயில்ல விரிச்சா சாயம் வெளுத்துப் போகும், அண்ணாச்சி. நெழல் எனக்குத்தான் வேணும்.”

மறுபடியும் மாற்றினார்.

பனையோலைப் பெட்டி முடையும் செல்லக்கனி பார்த்தாள். “ஓலையை நனைச்சுக்கிட்டே இருக்கணும். நான் தண்ணிக்குப் பக்கத்துல இல்லாம வேற யாரு இருப்பா?”

மூன்று பேர் சொல்வதும் நியாயம். மற்ற கடைக்காரர்கள் இந்த மூவரில் ஆளுக்கொருவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். ரோசம்மாளும் செல்லக்கனியும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். செய்யது இருவரிடமும் பேசினார், ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு.

இத்தனையையும் சொல்லிமுடித்து, வரைபடத்தைக் குருவின் முன்னால் விரித்தார் பரமானந்தம்.

“ஒரு வழி சொல்லுங்க, அம்மா.”

நாச்சியாரம்மா வரைபடத்தைப் பார்க்கவில்லை. கத்திரிக்காயை அவர் பக்கம் தள்ளினார்.

“மிச்சத்தை நீங்க நறுக்குங்க, இன்ஜினியர்” என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

போய் மருதமரத்தடியில் உட்கார்ந்தார்.

*

முதலில் வந்தவள் ரோசம்மாள்.

“அம்மா, கொஞ்சம் எந்திரிச்சுக்கிடுங்க. அடுப்பு வச்சுப் பாக்கணும்.”

“இடம் நல்லா இருக்கு” என்றார் குரு.

அவ்வளவுதான். எழுந்திருக்கவில்லை.

சாமியார் அம்மாவை அதட்ட முடியுமா? ரோசம்மாள் யோசித்தாள். யார் பக்கம் தீர்ப்புச் சொல்லலாம் என்று பார்க்கத்தான் குரு வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று முடிவு செய்தாள். மேற்கு மூலையில், கொளுத்துகிற வெயிலில், அடுப்பை மூட்டினாள். நல்ல கெளுத்தி மீனாகப் பார்த்து வறுத்து வாழை இலையில் கொண்டுவந்து வைத்தாள்.

குரு சாப்பிட்டார்.

இதைச் செய்யது பார்த்தார். தன் கையால் நெய்ததில் மெல்லிய பாயாக ஒன்றைக் கொண்டுவந்தார்.

“வெறுந்தரையில உக்காராதீங்கம்மா.”

குரு எழுந்து, பாயை விரிக்கச் சொல்லி, அதே இடத்தில் உட்கார்ந்தார்.

செல்லக்கனி பின்தங்குவாளா? புதிதாக முடைந்த பெட்டி நிறையக் கருப்பட்டி கொண்டுவந்தாள். குரு அதையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

கத்திரிக்காயை நறுக்கிமுடித்துவிட்டு வந்த பரமானந்தத்துக்குத் தலை சுற்றியது.

“அம்மா” என்று காதருகே குனிந்தார். “மூணு பேர்கிட்டயும் வாங்கிட்டீங்களே.”

“நாலு பேரு. பானைக்காரர் மோர் கொண்டாந்தார்.”

“இதுக்குப் பேரு என்ன தெரியுமா?”

“நீங்க சாப்பிட்டீங்களா?”

“நான் மீனை விட்டுட்டேன், அம்மா. உங்ககிட்ட வந்த அன்னைக்கே.”

“ஐயோ பாவம். நான் சொல்லவே இல்லையே” என்றார் குரு. மெய்யாகவே வருத்தப்பட்டார்.

பரமானந்தம் பக்கத்தில் உட்கார்ந்தார். இலையில் இருந்த வால் துண்டை எடுத்துத் தின்றார்.

*

படித்துறையை ஒட்டிய பாலத்தின் மேல் பேருந்து நிற்கும். ஓட்டுநர் தேநீர் குடிக்கப் போவார். பயணிகள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஆற்றைப் பார்ப்பார்கள். இது எப்போதும் நடப்பதுதான்.

இந்த முறை அவர்கள் பார்த்தது, மரத்தடியில் பாயில் சம்மணமிட்டு மீன் தின்னும் சாமியார் அம்மாவை.

இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். பிறகு நாலைந்து பேர்.

“அம்மா, இந்த மீன் எங்க கெடைக்குது?”

குரு வாய் நிறைய இருந்ததால் கையைக் காட்டினார், மேற்கு மூலைக்கு.

அவர்கள் போனார்கள். போகிற வழியில், இடம் பார்க்க வந்தவர்கள் இறக்கி வைத்திருந்த பானைகளைத் தட்டிப் பார்த்தார்கள். பலகாரத்தை ருசி பார்த்தார்கள். மீனை வாங்கிக்கொண்டு, உட்கார இடம் தேடி மரத்தடிக்கே திரும்பி வந்தார்கள். உட்கார்ந்தவர்களுக்குப் பாய் குளிர்ச்சியாக இருந்தது. ஒருவர் அதே போல ஒன்று வேண்டும் என்று செய்யதைத் தேடிப் போனார். கருப்பட்டி வாங்கியவர்கள் பெட்டியோடு தரச் சொன்னார்கள்.

மறுநாளும் குரு அங்கேயே இருந்தார். அடுத்த நாளும்.

பொழுது சாயுமுன் ரோசம்மாளின் சட்டி காலியானது. அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “அந்த இடம் மட்டும் எனக்குக் கெடச்சிருந்தா இன்னும் எம்புட்டு வித்திருப்பேன்.”

“நான் மட்டும் கம்மியா வித்திருப்பேனா?” என்றாள் செல்லக்கனி.

இருவரும் பேசிக்கொண்டுவிட்டது இருவருக்கும் அப்புறம்தான் உறைத்தது. வேறு வழியில்லாமல் தொடர்ந்து பேசினார்கள். பேசப் பேச ஒரு விஷயம் தெளிவாயிற்று. எதிரி ஒருவர்தான்.

வெள்ளிக்கிழமை காலை, செய்யதை முன்னால் விட்டு, எல்லாக் கடைக்காரர்களும் ஒன்றாகப் பரமானந்தத்திடம் வந்தார்கள்.

“அண்ணாச்சி, உங்க குருவை எழுப்புங்க” என்றார் செய்யது. “இன்னைக்குத் தலைவர் வாராரு. அந்த இடம் எங்க மூணு பேர்ல யாருக்குன்னாலும் சரி. அந்த அம்மாவுக்கு மட்டும் வேண்டாம்.”

பரமானந்தம் குருவிடம் போனார். ராத்திரியெல்லாம் தூங்காத முகம்.

“எழுந்திருங்க, அம்மா. மன்றாடிக் கேட்கிறேன். நீங்க உட்கார்ந்திருந்தா நான் எதை வரையறது? சந்தை கைவிட்டுப் போயிடும். இந்த ஜனங்க மறுபடியும் தலையில கூடையைத் தூக்கிக்கிட்டுத் தெருத்தெருவா அலையணும்.”

குரு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே” என்று எழுந்து, முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, ஆற்றில் கை கழுவப் போனார்.

மூன்று திசையிலிருந்தும் மூன்று பேர் பாய்ந்தார்கள். ரோசம்மாள் எரிகிற அடுப்பை இரும்புத் தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினாள். செய்யது தோளில் பாய்க்கட்டோடு. செல்லக்கனி நனைந்த ஓலையை இழுத்துக்கொண்டு, வழியெல்லாம் தண்ணீர் சொட்ட.

மரத்தடியில் மூவரும் ஒரே நேரத்தில் நின்றார்கள்.

அங்கே ஆள் இருந்தது.

மறுவீட்டு விருந்துக்குப் போகிற கூட்டம். பேருந்து நின்றதும் இறங்கி, மீனை வாங்கிக்கொண்டு வந்து, குரு எழுந்ததும் அதே பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். புதுப்பெண் மரத்தில் சாய்ந்து கால் நீட்டியிருந்தாள். மாப்பிள்ளை அவளுக்காக மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தான். எடுக்கத் தெரியவில்லை. முள்ளும் சதையும் ஒன்றாகக் கலந்து போயிருந்தன. அவள் சிரித்தபடியே அதையும் வாங்கித் தின்றாள்.

“எந்திரிக்கச் சொல்லு” என்றாள் செல்லக்கனி, மெதுவாக.

“நீ சொல்லு” என்றாள் ரோசம்மாள்.

“அவங்க உக்காந்திருக்கிறது ஏம் பாயில” என்றார் செய்யது. “நான் எப்படிச் சொல்ல?”

மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தான். ரோசம்மாளின் கையில் அடுப்பைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“அக்கா, இன்னும் ரெண்டு மீன் கெடைக்குமா? இவங்க மட்டும் சாப்பிட்டாங்க. எனக்கு ஒண்ணுமே இல்ல.”

ரோசம்மாள் மரத்தைப் பார்த்தாள். மாப்பிள்ளையைப் பார்த்தாள். கையில் அடுப்பு சுட்டது.

“இருங்க தம்பி, வறுத்துக் கொண்டாரேன்” என்று மேற்கு மூலைக்குத் திரும்பி நடந்தாள்.

செய்யது கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தவர்களுக்கு இன்னொரு பாயை விரித்துவிட்டுப் போனார். செல்லக்கனி ஓலையைத் திரும்பவும் இழுத்துக்கொண்டு போனாள், இப்போது கொஞ்சம் மெதுவாக.

பரமானந்தம் படிக்கட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்தார். பிறகு பையிலிருந்து அழிரப்பரை எடுத்தார்.

*

பஞ்சாயத்துத் தலைவர் உச்சி வெயிலில் வந்தார். கடைக்காரர்கள் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தார். எல்லாரும் தலையாட்டினார்கள். வேலை கிடக்கிறது, வழிவிடுங்கள் என்றார்கள்.

அவர் வரைபடத்தை விரித்து, ஒவ்வொரு கடையாக விரலை நகர்த்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

“என்ன சார், இருக்கிறதுலேயே நல்ல இடம் இதுதான். வெறுமனே விட்டிருக்கீங்க. இது யாருக்கு?”

பரமானந்தம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். சட்டையெல்லாம் வியர்வை. மேற்கு மூலையிலிருந்து வாசனை வந்துகொண்டிருந்தது.

“நீங்க சாப்பிட்டாச்சா?” என்று கேட்டார்.

“இன்னும் இல்ல.”

“அப்போ உங்களுக்குத்தான்” என்றார் பரமானந்தம்.